முகம் நிமிரும் இடம்

ஒருவரைக் காட்டி "இவர்தான்" என்று சொல்ல, அவரை எவ்வளவு பார்த்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதியவர்களை வாசித்திருக்கிறேன். அவர்களில் யாருக்கும் தாங்கள் சொன்ன விடையால் சொந்த வீட்டில் சோறு இறங்காமல் போனதாகத் தெரியவில்லை. ஏணிக்கு அது நடந்தது.

ஏணி என்பது பட்டப்பெயர். சொந்தப் பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் அவ்வப்போது தலைகாட்டும். சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே, ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலத்தில் அவர் கடை இருந்தது. அலுமினிய ஏணி உள்ளே கொள்ளாது. அதனால் வெளியே சுவரில் சாய்ந்து நிற்கும். அது நின்றால் அவர் இருக்கிறார், இல்லையென்றால் இல்லை. வீட்டுக்கு வந்து "ஏணி இருக்காரா?" என்று கேட்பவர்களிடம் அவர் மனைவி, "எந்த ஏணி? சாஞ்சு நிக்கறதா, சாப்பிட்டுட்டு இருக்கறதா?" என்று கேட்பார்.

கேமரா மாட்டும் தொழிலுக்கு வருமுன் அவர் ஆண்டெனா கட்டினார், கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி கட்டினார். எல்லாமே உயரத்தில் செய்கிற வேலை. உயரமாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் அவருக்குள் ஊறிப்போயிருந்தது. கேமராவை எங்கே வைக்கலாம் என்று யாராவது கேட்டால் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். துணிக்கடை, மருந்துக்கடை, பள்ளிக்கூட வராந்தா என்று பாதி ஊரின் கூரைகளில் அவர் முடுக்கிய திருகாணிகள் இருந்தன. திறமைசாலி என்று சொல்லிவிடலாம். ஒரே மாதிரி வேலையைப் பல இடங்களில் செய்ததைத்தான் பல சமயம் திறமை என்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரிக்காக ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்தவர் ஏணியின் மைத்துனர், மனைவியின் தம்பி. கல்யாணமாகாதவர். அக்கா வீட்டு முன்னறையில்தான் இருந்தார். கட்டட வேலையிடத்தில் சாமான்கள் காணாமல் போகத் தொடங்கின. முதலில் சாரத்தைப் பிணைக்கும் இரும்புப் பிடிகள், பிறகு ஒரு டிரில்லிங் மெஷின், பிறகு செம்புக் கம்பிச் சுருள்கள். கேமரா வைக்கலாம் என்று என்ஜினியர் சொன்னபோது, "என் மாமா போடுவாரு சார், நல்லா போடுவாரு" என்று அவரிடம் சொன்னது மைத்துனர்தான்.

ஏணி வழக்கம்போல அண்ணாந்து பார்த்தார். சாமான் அறையின் கூரைமேல் ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியில் அகலமாகப் பார்க்கும் கேமரா ஒன்று. சாரத்தின் மூலையில் அதே மாதிரி இன்னொன்று. என்ஜினியர் அறையில் இருந்த திரையில் வேலையிடம் முழுவதும் கேரம் பலகை போல விரிந்தது. கலவை இயந்திரம், மணல் குவியல், தகரம் அடித்த கழிப்பறை, பின்வேலி, எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தன. மனிதர்கள் ஹெல்மெட்களாகத் தெரிந்தார்கள். மஞ்சளும் பச்சையுமாகப் புள்ளிகள் ஊர்ந்தன. என்ஜினியருக்குத் திருப்தி. ஏணிக்கு அதைவிடத் திருப்தி.

வேலையாட்கள்தான் கிண்டல் செய்தார்கள். அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தால், "அண்ணன் வந்துட்டாரு, எல்லாரும் உச்சந்தலைய வாரிக்கோங்க" என்பார்கள். அவர் செய்த முழுத் தவறும் அந்தக் கிண்டலிலேயே இருந்தது. அவர் சிரித்துவிட்டு மேலே ஏறினார்.

சில நாளில் இன்னொரு கம்பிச் சுருள் போயிற்று. பதிவைப் பார்க்க என்ஜினியர் அறையில் கூடினார்கள். என்ஜினியர், சாமான் அறைக்குப் பொறுப்பான ஸ்டோர்காரர், காவலாளி, ஏணி. திரையில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் சாமான் அறைச் சுவரோரமாக வந்தது. தோளில் சுருள். கழிப்பறைத் தகரத்துக்குப் பின்னால் போயிற்று, வேலியோரம் குனிந்தது, வெறுந்தோளோடு திரும்பியது. ஹெல்மெட்டின் குறுக்கே சிவப்பு நாடா ஒன்று பளிச்சென்று ஒட்டியிருந்தது.

"நிறுத்துங்க," என்றார் என்ஜினியர். "யாரு இது?"

காவலாளி தெரியவில்லை என்றார். ஸ்டோர்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஏணிக்குத் தெரிந்திருந்தது. அந்த நாடா அவர் கடையில் இருந்து போனது. சொல்லலாமா என்று அவர் நெடுநேரம் யோசிக்கவில்லை.

"அது என் மச்சினனோட ஹெல்மெட், சார்."

என்ஜினியர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்து, சொந்தக்காரர் என்று பார்க்காமல் சொன்னதற்காக மெச்சிக்கொண்டார். அன்று மாலை ஏணி நிமிர்ந்துதான் வீட்டுக்கு நடந்திருப்பார். நேர்மையாக நடந்துகொண்டோம் என்ற நினைப்பு தரும் சுகத்தை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். அதில் மனிதன் தன்னைத்தான் அதிகம் பார்க்கிறான்.

மைத்துனரை அன்றே வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஏணி வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றார்.

"மொகத்தப் பாத்தீங்களா?"

"ஹெல்மெட்டுல அந்தச் செகப்பு நாடா இருந்துச்சு."

"மொகத்தப் பாத்தீங்களான்னு கேட்டேன்."

"அவ்ளோ உசரத்துல இருந்து மொகம் எங்க தெரியும்?"

"அப்ப எறங்கி வந்து பாத்துட்டுச் சொல்லியிருக்கணும்."

மைத்துனர் மறுநாள் காலை, ஷூவை மாட்டிக்கொண்டு வேலை தேடப் புறப்படும்போது சொன்னார். கோபமில்லாமல், ஒரு கருவியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுப்பதுபோல.

"மாமா, அந்த ஹெல்மெட்டுக்குள்ள பஞ்சு வெச்சுத் தைச்சிருக்கேன். தலை வலிக்காது. அதனால எல்லாரும் அதத்தான் தேடுவாங்க. நான் சாப்பிட்டுட்டுப் போனா அது ஆணியில இருக்காது. கெடைச்சத எடுத்து மாட்டிக்கிட்டுப் போவேன். எனக்கு அடையாளம் தெரியணும்னுதான் நாடா ஒட்டினேன். எங்க ஹெல்மெட்ட நீங்க ஒருநாளாவது போட்டுப் பாத்திருக்கீங்களா?"

ஏணி போட்டதில்லை. தனக்கென்று ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோவார். வேலையாட்கள் கொட்டகையில் மாட்டிவைக்கும் ஹெல்மெட்களை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள், ஈரமில்லாததாகப் பார்த்து, வார் அறுந்து போகாததாகப் பார்த்து எடுப்பார்கள் என்பது அங்கே செங்கல் சுமப்பவருக்கும் தெரியும். மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்தவருக்குத் தெரியவில்லை. அடையாளம் இருந்த ஹெல்மெட்தான் அதிகம் பேர் தலையில் ஏறிய ஹெல்மெட்.

இது தெரிந்த பிறகும் எதுவும் மாறவில்லை. மேஸ்திரிகள் ஒருவருக்கொருவர் போனில் பேசிக்கொள்கிறவர்கள். மைத்துனர் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவருக்கு முன்னே பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. "ஆள் எடுத்தாச்சு" என்பார்கள். அடுத்த நாள் வேறு ஆளை எடுப்பார்கள். தினமும் ஏணி வீட்டுக்கு வருமுன் மைத்துனர் சாப்பிட்டு முடித்து முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார். டீக்கடையில் ஏணியின் காதுபடவே ஒருவர், "மத்தவன் ஏணியில ஏறுனா பல்பு மாட்டுவான், இவரு ஏறுனா மச்சினன கீழ தள்ளுவாரு" என்றார். சிரித்தவர்களில் சைக்கிள் கடைக்காரரும் இருந்தார்.

ஏணி என்ஜினியரிடம் போய், கேமராக்களை மாற்றி வைக்க வேண்டும் என்றார். மைத்துனரைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்று பேச்சு வரும் என்று என்ஜினியர் எச்சரித்தார். அவர் கெட்டவரல்ல. திருட்டு நிற்க வேண்டும் என்பது அவருக்கு நியாயமான கவலை.

"பேசட்டும் சார்," என்றார் ஏணி. "மொகம் தெரியாத எடத்துல வெச்சது நான்தான்."

அதன்பின் அவர் செய்ததுதான் அவர் வாழ்க்கையில் நான் மதிக்கும் பகுதி. ஏணியைக் கடையிலேயே விட்டுவிட்டு வேலையிடத்துக்குப் போனார். மணல் குவியலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று மனிதர்கள் நடப்பதைப் பார்த்தார். அகலமாகப் பார்க்கும் கேமராவில் எல்லாரும் இருப்பார்கள், யாரும் இருக்க மாட்டார்கள். முகம் கடுகளவுக்குச் சிறுத்துவிடும். முகம் வேண்டுமென்றால் குறுகலாகப் பார்க்கும் கேமரா வேண்டும், அது ஆள் உயரத்தில் இருக்க வேண்டும், வெளிச்சம் அதற்குப் பின்னாலிருந்து வர வேண்டும். இதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். தெரிந்ததைத் தேவைப்படாததுபோல ஒதுக்கி வைத்திருந்தார்.

முதலில் நுழைவாயிலில் வைத்துப் பார்த்தார். அந்தச் சின்னக் கதவின் மேல்சட்டம் தாழ்வு. உள்ளே வருபவரும் வெளியே போகிறவரும் தலையைக் குனிந்தார்கள். மறுபடியும் உச்சந்தலைகள். பிறகு சாமான் அறைக் கதவுக்கு நேரே வைத்தார். ஆட்களுக்குப் பின்னால் வெயில் நின்றது. எல்லா முகமும் கரிக்கட்டையாக விழுந்தது. வைத்ததையெல்லாம் கழற்றினார். கேமராவை எங்கே வைப்பது என்று யோசித்தவர், மனிதன் எங்கே தானாக முகத்தை நிமிர்த்துகிறான் என்று யோசிக்கத் தொடங்கினார். சின்ன மாற்றம்தான். பெரிய புத்தகங்களிலும் நடப்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

கைகழுவும் குழாய்க்கு மேலே யாரோ ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து பூசிப் பதித்திருந்தார்கள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். அங்கே வந்த ஒவ்வொருவரும் நின்றார்கள். கொத்தனார் மீசையில் ஒட்டிய சிமெண்டைத் துடைத்தார். கம்பி கட்டுபவர் பல்லைப் பார்த்தார். காவலாளி தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் தடவினார். என்ஜினியர்கூட யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒருமுறை குனிந்து தலையைக் கோதிவிட்டுப் போனார்.

அன்று வீட்டில் ஏணி மனைவியிடம் இதைச் சொன்னார். இருவரும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனார். பீரோக் கதவில் பதித்திருந்த ஆளுயரக் கண்ணாடியின் திருகாணிகளைத் தானே கழற்றினார்.

"ஹெல்மெட் மாட்டற கொட்டகையில இத வெய்ங்க. தலையில எதையாவது வெச்சா சரியா இருக்கான்னு பாக்காதவங்க உண்டா?"

"நீ எதுல தலை வாருவ?"

"என் தலை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நீங்க அவன் தலைய மீட்டுக் குடுங்க."

மறுநாள் காலை கடையைத் திறந்தபோது, பழைய சுவிட்ச் பெட்டி ஒன்று ஏணியின் மேசைமேல் இருந்தது. அதன் முகப்பில் கேமராக் கண்ணுக்குச் சரியான அளவில் ஓட்டை போட்டு, ஓரம் தேய்த்து வைத்திருந்தது. மைத்துனரின் கை வேலை என்று அவருக்குத் தெரியும்.

விடுமுறை நாளில் கண்ணாடியையும் அதன் பக்கத்தில் அந்தப் பெட்டியையும் மாட்டினார். என்ஜினியரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. கண்ணாடிக் கேமரா தன் பதிவை உள்ளேயே ஒரு சின்ன அட்டையில் வைத்துக்கொள்ளும். நகத்தின் அளவுள்ள அட்டை. கம்பத்தின் மேலிருந்த பழைய கேமராவை அவர் கழற்றவில்லை. இரண்டின் கடிகாரத்தையும் ஒன்றாக்கினார். கண்ணாடியில் யார் எந்த ஹெல்மெட்டை மாட்டினார் என்று தெரியும். அந்த ஹெல்மெட் எங்கே போயிற்று என்பதை மேலே இருப்பது சொல்லும்.

வேலையாட்கள் புதுக் கண்ணாடியைக் கொண்டாடினார்கள். "கல்யாண மண்டபம் மாதிரி ஆயிடுச்சு" என்றார்கள். முதல் சில நாளிலேயே சிவப்பு நாடா ஹெல்மெட் கொத்தனார் தலையில், பெயிண்டர் தலையில், தண்ணீர் ஊற்றுபவர் தலையில் என்று சுற்றுவதை ஏணி என்ஜினியரிடம் காட்டினார். என்ஜினியர் நீண்ட நேரம் பார்த்தார்.

"இதனால அவர் எடுத்தார்னு சொல்ல முடியாதுன்னு ஆகுது," என்றார். "எடுக்கலன்னு ஆகலையே."

சரியான பேச்சு. மைத்துனருக்குக் கதவு திறக்க வேண்டுமென்றால் எடுத்தவர் முகம் கிடைத்தாக வேண்டும்.

கிடைத்தது. மறுபடியும் ஒரு சுருள் காணாமல் போன மறுநாள் காலை, ஏணி என்ஜினியர் அறையில் மேல் கேமராவின் பதிவைப் பார்த்தார். ஓரத்தில் வெடித்த ஒரு பச்சை ஹெல்மெட் வேலியோரம் போய்வந்தது. நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டியிலிருந்த அட்டையை எடுத்துக் கடைக்குக் கொண்டுவந்து தனியாகப் பார்த்தார். அதே வெடித்த பச்சை ஹெல்மெட்டை ஆணியிலிருந்து எடுத்தவர் ஸ்டோர்காரர். அவருக்கென்று அலுவலக ஆட்களின் வெள்ளை ஹெல்மெட் உண்டு. அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார். கண்ணாடிக்கு முன் நின்றார். வாரை இழுத்துச் சரிசெய்தார். முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, மேலேயிருந்து பார்த்தால் வேலையாள் மாதிரி இருக்கிறோமா என்று சோதிப்பதுபோலப் பார்த்தார். முகம் திரை நிறைய இருந்தது.

ஏணி போனை எடுத்து மைத்துனரை வேலையிடத்து வாசலுக்கு வரச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

என்ஜினியர் அறை வாசலுக்கு வலப்பக்கம். ஏணி இடப்பக்கம் திரும்பினார். ஸ்டோர்காரர் சாமான் அறையில் போல்ட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஏணி அட்டையை அவர் மேசைமேல் வைத்தார்.

"இதுல நீங்க இருக்கீங்க. கண்ணாடியப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க. இதத் தவிர வேற எங்கயும் பதிவு இல்ல."

ஸ்டோர்காரர் அட்டையைப் பார்த்தாரே தவிரத் தொடவில்லை.

"என் மச்சினன் கேட்டுக்கு வெளிய நிக்கறான்," என்று சொல்லிவிட்டு ஏணி வெளியே வந்தார்.

வாசலில் மைத்துனர் நின்றிருந்தார், சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டையில். ஏணி அவர் பக்கத்தில் போய் நின்றார். மணல் லாரி ஒன்று உள்ளே போயிற்று. சாப்பாட்டு நேரம் வந்தது. ஆட்கள் குழாயடிக்குப் போனார்கள், திரும்பினார்கள். தெரிந்தவர்கள் சிலர் மைத்துனரைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

"எதுக்கு மாமா வரச் சொன்னீங்க?"

"இரு மாப்ள."

"உள்ள போய்ப் பேசணுமா?"

"இல்ல. நிக்கணும்."

வெயில் வாசல் தகரத்தில் ஏறி இறங்கியது. மைத்துனர் போய்விடலாமா என்று இரண்டொரு முறை கேட்டார். ஏணி சாமான் அறைப் பக்கமே பார்க்கவில்லை என்று மைத்துனர் பிற்பாடு சொன்னார், தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

சாயங்காலம் வேலை முடியும் நேரத்தில் காவலாளி வந்து இருவரையும் என்ஜினியர் கூப்பிடுவதாகச் சொன்னார். அறைக்குள் ஸ்டோர்காரர் உட்கார்ந்திருந்தார், வெறுந்தலையோடு. திரையில் அவர் முகம் உறைந்து நின்றது. அட்டையை அவரே கொண்டுவந்து கொடுத்திருந்தார். முதலில் போனதிலிருந்து கடைசியில் போனதுவரை எல்லாம் தன் வேலைதான் என்றும், அன்று சிவப்பு நாடா ஹெல்மெட் கைக்கு அருகில் இருந்ததால் அதை எடுத்ததாகவும் சொல்லியிருந்தார். காரணமும் சொன்னார். எல்லாரிடமும் இருக்கிற காரணங்கள்தான்.

என்ஜினியர் எழுந்து மைத்துனரிடம் தவறு நடந்துவிட்டது என்றார். நாளைக்கே வேலைக்கு வரலாம் என்றார். அந்த மேஸ்திரிகளுக்கெல்லாம் தானே போன் செய்வதாகச் சொல்லி, இரண்டு பேருக்கு அங்கேயே செய்தார். பிறகு ஏணி பக்கம் திரும்பினார்.

"கார்டு எப்படி இவர் கையில போச்சு?"

"நான்தான் குடுத்தேன்."

"காப்பி எடுத்து வெச்சீங்களா?"

"இல்ல."

"இவர் இத உடைச்சுப் போட்டிருந்தா?"

ஏணி, கொட்டகைக் கண்ணாடியைக் கழற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். அது வீட்டுக் கண்ணாடி என்றார்.

அவர் செய்ததைப் பெருந்தன்மை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பணயம் வைத்தது தன்னுடையதை அல்ல. வாசலில் சலவைச் சட்டையோடு நின்றவரின் பெயரை வைத்தார், அதுவும் அவரிடம் கேட்காமல். முதல் தடவை ஒரு ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு வாய் திறந்த மனிதர், இரண்டாம் தடவை முழு முகத்தையும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்ததாகச் சொன்னால், நானும் மேலேயிருந்து பார்த்துச் சொல்வதாகத்தான் இருக்கும்.

அன்று இருட்டும் முன்னே கண்ணாடி வீட்டுக்கு வந்தது. ஓரத்தில் சிமெண்ட் தெறித்திருந்தது. மைத்துனர் அதைப் பீரோக் கதவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்; ஏணி முழங்காலிட்டுக் கீழ்த் திருகாணியிலிருந்து தொடங்கினார். அதற்குள் மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மூன்று பேரும் கண்ணாடிக்குள் இருந்தார்கள். மனைவி ஏணியைக் கண்ணாடி வழியாகவே பார்த்துக் கேட்டார்.

"கைக்கு வந்தத நேரா கொண்டுபோய்க் குடுக்காம, எந்த நம்பிக்கையில அத அந்தாளு மேசையில வெச்சீங்க?"

மைத்துனரும் பதிலுக்காகக் குனிந்து பார்த்தார்.

"கொஞ்சம் மேல தூக்கிப் பிடி, மாப்ள," என்றார் ஏணி. அடுத்த திருகாணியை எடுத்து முடுக்கத் தொடங்கினார்.